நூலகம் எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி:
நூலகத்தில் சமூக நீதி என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. யாரையும் வராதே என்று சொல்வதில்லை. சாதி கேட்பதில்லை. பேப்பர் படிக்கக் காசும் வேண்டாம். குமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம். வராதவர்கள் செல்போனில் மூழ்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இதில் நீதி எங்கே வந்தது?

9 ஜூன் 2024

வாசலில் தொங்கும் நேரப் பலகையைப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

நான் 22 வருடமாக நூலகர். முதல் பாதி குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. இப்போது மேற்குக் கடற்கரையோரம். தோட்டத்துப் பக்கம் இருந்தபோது எங்கள் நேரம் காலை 9 முதல் 12:30, மாலை 4 முதல் 6:30. வெள்ளிக்கிழமை விடுமுறை.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் நாள் எப்படி ஓடும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்து வாளியில் ஊற்றிச் சுமந்து கொடுத்துவிட்டு வீடு சேர மதியம் ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டால் மணி ஒன்று. அவர்களுக்கென்று மிஞ்சுவது ஒன்றிலிருந்து நான்கு வரை. அந்த மூன்று மணி நேரமும் எங்கள் கதவில் பூட்டு தொங்கும். நான் மறுபடி திறக்கும்போது பெண்கள் அடுப்புப் பற்றவைத்திருப்பார்கள். எட்டு மணிக்குப் படுத்தால்தான் மூன்று மணிக்கு எழ முடியும்.

ஒரு அக்கா உறுப்பினராக இருந்தார். மழை நாளில் மட்டும் வருவார். மழை என்றால் வெட்டு இல்லை. விரலிடுக்கில் ரப்பர் பால் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருக்கும், அதை உரித்துக்கொண்டே அடுக்குகளைப் பார்ப்பார். "மழை பெய்யணும் டீச்சரே, அப்பத்தான் எனக்குப் புஸ்தகம்" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது அழகான பேச்சாகத் தோன்றியது. அது புகார் என்று புரிய நான்கைந்து வருடம் ஆனது.

9 ஜூன், இரவு

காலையில் எழுதியதைப் படித்தவர்கள் "நேரத்தை மாற்றியிருக்கலாமே" என்று உடனே கேட்டிருக்கிறார்கள். கடிதம் எழுதினேன். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு நானாகவே செவ்வாயும் வியாழனும் மதியம் பூட்டாமல் இருந்தேன். ஏழெட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்கே கிளம்பினேன். ஒரு மாலை ஆய்வுக்கு வந்தார்கள், கதவு பூட்டியிருந்தது. மெமோ கிடைத்தது. மதியம் வந்தவர்களின் பதிவேட்டைக் காட்டினேன், யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கான ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. எல்லோரும் அந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த விதிக்கு அவர் எழுதிய விளக்கத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார் தெரியுமா? நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும், நூலகருக்கு என்ன மதிப்பு, என்ன சம்பளம். எல்லாம் முதல் விதிக்குள்ளேயே இருக்கிறது.

15 ஜூன் 2024

இங்கே இப்போது தடைக்காலம். மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் எனக்கு இது நல்ல காலம். ஆண்கள் நூலகத்துக்கு வருவது இந்த இரண்டு மாதம்தான்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல்காரர்கள் போனால் ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம். எங்கள் இரவல் காலம் 15 நாள். எந்தக் கணக்கில் அவர் புத்தகம் எடுப்பார்?

சில வருடம் முன்பு தடை முடியும் நாளில் ஒரு தம்பி இரண்டு புத்தகம் கேட்டார். "அக்கா, திரும்ப ஒண்ணரை மாசம் ஆவும். படகுல நாங்க பத்துப் பேரு. எல்லாரும் படிப்போம்" என்றார். கொடுத்தேன். செப்டம்பர் நடுவில் கொண்டு வந்தார். பாலித்தீன் பையில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் வைத்திருந்திருக்கிறார். அப்படியும் ஒன்றில் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. பக்கங்கள் அலையலையாக விறைத்து, விரித்தால் மொறமொறவென்று சத்தம் கேட்டது. முதல் பக்கத்தில் இருந்த நூலக முத்திரை ஊதா நிறமாகக் கரைந்து எதிர்ப்பக்கத்தில் ஏறியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஏழு பெயர், ஏழு கையெழுத்து. படித்து முடித்தவர்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்.

பதிவேட்டின்படி அது சேதமடைந்த நூல், தாமதக் கட்டணம் உண்டு. ஏழு பேர் படித்ததை எழுத எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

17 ஜூன் 2024

"அந்தப் புத்தகத்துக்கு யார் பணம் கட்டியது?" நான்தான்.

இதை விரித்துச் சொல்ல வேண்டும், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கும். நூல் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் புத்தகத்தைக் காட்ட வேண்டும். குறைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். எங்களில் பலர் சொந்தப் பணம் கட்டியிருக்கிறோம். அந்தப் பயத்தில் நல்ல புத்தகம் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். சாவி நூலகரின் இடுப்பில். திறந்து தரச் சொல்லிக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்? வக்கீலுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் வரும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையனுக்கு வராது. அவன் வெளியே கிடக்கும் வார இதழைப் புரட்டிவிட்டுப் போய்விடுவான்.

நானும் பூட்டி வைத்தவள்தான். முதல் ஆறு வருடம் பூட்டித்தான் வைத்தேன். ஒரு பெண் குழந்தை கண்ணாடியில் விரலை வைத்து வெளியிலிருந்தே தலைப்புகளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன விரல் தடம். துடைக்கத் துணியோடு போனவள், துடைக்காமல் சாவியை எடுத்தேன். அன்று திறந்ததுதான்.

திறந்த பிறகு காணாமல் போனதா? போனது. நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம்தான், ஆனால் போனது. அந்த இழப்பைத் துறை தாங்க வேண்டும், சம்பளக்காரர் தாங்கக் கூடாது. நூலகர் பயந்துகொண்டே இருக்கும்வரை அலமாரி திறக்காது.

18 ஜூன் 2024

முன்பு வேறோர் இடத்தில், நூலகத்துக்காக வாங்கும் நூலக வரி 5 சதவீதம் என்று எழுதியிருந்தேன். தவறு. சொத்து வரியில் 10 சதவீதம், அதாவது ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள் வீட்டு வரியோடு சேர்த்து வாங்கி நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

அவரே "வரி கட்டுகிறவர்களின் பணத்தில் ஓடுவது" என்றும் சொல்லியிருக்கிறார். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில் இருப்பவர் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்காது. அதற்காக நூலகம் அவருடையது இல்லையா? அவர் வெட்டிய பாலில் வந்த காசில்தானே தோட்டத்துக்காரர் வரி கட்டுகிறார்?

25 ஜூன் 2024

உறுப்பினர் சேர்க்கை பற்றிக் கேட்டிருந்தார்கள். காப்புத்தொகையும் சந்தாவும் பெரிய தொகை இல்லை, உண்மை. தடை அங்கே இல்லை. நான் வேலைக்கு வந்த காலத்தில் விண்ணப்பத்தின் அடியில் அரசு ஊழியர் ஒருவரின் கையெழுத்து கேட்போம். அவர் பிணை. உங்களுக்கும் எனக்கும் சொந்தத்தில் ஒரு வாத்தியார், ஒரு கிராம நிர்வாக அலுவலர் இருப்பார். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வரும் பையன் யாரிடம் போவான்? ஒருவன் மூன்று முறை விண்ணப்பம் வாங்கிப் போனான், மூன்று முறையும் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தான். நான்காம் முறை நானே போட்டேன். நானும் அரசுச் சம்பளம் வாங்குகிறவள்தானே என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று முறை அவனை அலையவிட்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இதோடு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. விளவங்கோடு பக்கம் வயதானவர்களில் பலர் மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள். மலையாளப் பத்திரிகை கேட்டு வரும் தாத்தாக்கள் என்னிடம் இருந்தார்கள். வரும் நூல்கள் மொத்தமும் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும். "எனக்குத் தமிழ் பேச வரும் மோளே, வாசிக்கத்தான் வராது" என்று ஒருவர் வெட்கப்பட்டுச் சொன்னார். வெட்கப்பட வேண்டியது அவரா?

2 ஜூலை 2024

அடுக்கும் முறையில் என்ன நீதி என்று கேட்டவருக்கு, இரண்டு சங்கதி.

முதலாவது அகிலத்திரட்டு அம்மானை. 1841-ல் எழுதப்பட்டது, அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் வேதம். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க, டியூயி என்ற அமெரிக்க நூலகர் வகுத்த முறையில் எண் போடுகிறோம். மதம் 200-களில் வரும். அதில் 220 முதல் 280-கள் வரை கிறிஸ்தவம் மட்டும். உலகத்தின் மற்ற எல்லா மதமும் 290-களுக்குள் நெருக்கியடித்து நிற்கும். அகிலத்தை எங்கே வைப்பது? 294.5-ல் இந்து சமயத்தோடு வைக்கலாம். 299-ல் பிற மதங்களோடு வைக்கலாம். அம்மானைப் பாட்டு என்பதால் 894.811-ல் தமிழ் இலக்கியத்திலும் வைக்கலாம். நான் வேலைக்கு வரும்போது 294.5-ல் இருந்தது. ஒரு நாள் நாமம் இட்ட பெரியவர் ஒருவர் வந்து, தன் வேதம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "மக்களே, இது தனி வழி. யாரு கேட்டு இங்க வச்சீங்க?" என்றார். அரசுக் கணக்கெடுப்பில் அவர்களை இந்து என்றுதான் எழுதுகிறார்கள். அய்யாவழியினரிலேயே அதை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நான் ஒரு எண் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். எண் போடாமல் ஒரு புத்தகத்தை அடுக்கில் நிறுத்தவும் முடியாது. கடைசியில் 299-க்கு மாற்றி, 294.5 இருக்கும் இடத்தில் ஓர் அட்டை வைத்தேன், "அகிலத்திரட்டு 299-ல் உள்ளது" என்று. சரியா தவறா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இரண்டாவது, தலித் எழுத்தாளர்களின் தன்வரலாறுகள். மற்றவர்களின் தன்வரலாறு வாழ்க்கை வரலாற்றிலோ இலக்கியத்திலோ இருந்தது. இவர்களுடையது மட்டும் 305-ல், சமூகப் பிரிவுகள் என்ற தலைப்பில். எழுத்தாளராகப் பார்க்காமல் ஆய்வுப் பொருளாகப் பார்த்த எண் அது. எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்து இலக்கியத்தில் சேர்த்துவிட்டேன்.

வெளிநாட்டிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. குடியேறிகளைக் குறிக்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பயன்படுத்திய "சட்டவிரோத அந்நியர்" என்ற பொருள்தலைப்பை, அதாவது நூல் பட்டியலில் தேட உதவும் சொல்லை, டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் எதிர்த்தார்கள். 2016-ல் மாற்றுவதாக அறிவித்தும் அரசியல் குறுக்கிட்டது, 2021-ல்தான் மாறியது. டியூயி பெயரில் இருந்த விருதிலிருந்து அவர் பெயரை அமெரிக்க நூலகச் சங்கம் 2019-ல் எடுத்துவிட்டது, அவருடைய இனவெறியையும் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லி. எண்கள் நம்மோடுதான் இருக்கின்றன.

5 ஜூலை 2024

305 பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆராய்ச்சி மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "சாதி பற்றித் தேடி 305-க்குப் போகிறவளுக்கு அங்கே சாதியைப் பற்றி மேல்சாதிக்காரர் எழுதியது மட்டும் கிடைக்கும். அனுபவித்தவர் எழுதியதை நீங்கள் கதைப் பகுதிக்கு அனுப்பிவிட்டீர்கள்." இதை நான் யோசிக்கவே இல்லை. அகிலத்துக்கு வைத்த மாதிரி இதற்கும் அட்டை வைத்திருக்க வேண்டும். இரண்டு பிரதி இருந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம். இந்த வாரமே செய்கிறேன்.

5 ஜூலை, இரவு

எழுத்தறிவில் முதலிடம் என்று மறுபடியும் ஒருவர். ஆமாம், 91.75 சதவீதம், பெருமைதான். அது எப்படி வந்தது என்றும் பாருங்கள். மார்பை மறைக்கும் தோள்சீலை அணிய இந்த மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பல பத்தாண்டு அடி வாங்கி, 1859-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் வாசல் திறக்க 1936 ஆனது. வாசல் எதுவும் தானாகத் திறந்த ஊர் இல்லை இது.

21 ஜூலை 2024

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் வந்தார். ஒரு பாடநூலை முழுதாக ஸ்கேன் செய்து தரச் சொன்னார், போனில் போட்டால் அது வாசித்துக் காட்டும் என்றார். காப்புரிமை இருக்கிறது, முழுப் புத்தகம் தர முடியாது என்றேன். அவர் வாதாடவில்லை. "சரி மேடம்" என்று கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நடந்து சில வருடம் ஆகிறது.

பிறகு ஒரு பயிற்சியில்தான் தெரிந்தது, நான் சொன்னது தவறு. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றிக் கொடுக்க 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டமே வழிவிடுகிறது. இதற்காகவே 2013-ல் வந்த மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்த முதல் நாடே இந்தியாதான். சுகம்ய புஸ்தகாலயா என்று இணைய நூலகம்கூட 2016 முதல் இருக்கிறது. பட்டயப் படிப்பில் எனக்கு அட்டவணைப்படுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரைத் தேடினேன், கொடுத்த எண் மாறிவிட்டது. இதைப் படிக்கும் நூலகர்களே, யாராவது வந்து கேட்டால் மறுத்துவிடாதீர்கள்.

12 ஆகஸ்ட் 2024

இன்று நூலகர் தினம். ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டோம். பேச வந்தவர் நூலகத்தைக் கோயில் என்றார், எங்களை அறிவுக் கோயிலின் பூசாரிகள் என்றார். கைதட்டினார்கள். என் பக்கத்தில் பகுதி நேர நூலகர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தினக்கூலி. திறப்பது, பெருக்குவது, இரவல் கொடுப்பது எல்லாம் அவரே. அவர் கைதட்டவில்லை.

ஃபோபாசி எட்டார் என்ற அமெரிக்க நூலகர் 2018-ல் இதைப் பற்றி எழுதினார். தொழிலைப் புனிதம் என்று சொல்லச் சொல்ல, அதில் இருக்கும் குறையைப் பேசுவது பாவம் மாதிரி ஆகிவிடும், சம்பளம் கேட்பது அற்பமாகத் தெரியும் என்கிறார். படித்தபோது என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பல்பு, துடைப்பம், பசை, பிள்ளைகளுக்குப் பென்சில், காணாமல் போன நூல். 22 வருடம் என் கையிலிருந்து போனது. சேவை என்று நினைத்தேன். அதனால் என்ன ஆனது என்றால், எனக்கு அடுத்து வந்தவரிடம் "முன்பிருந்தவர் எல்லாம் தானே பார்த்துக்கொண்டார்" என்றார்களாம். தினக்கூலியில் இருப்பவர் எங்கே போவார்? அவருக்கு நான் செய்தது அநியாயம்.

13 ஆகஸ்ட் 2024

பெண் நூலகர்கள் நிறையப் பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே விஷயத்தை. கழிப்பறை.

தோட்டத்து நூலகத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுப் போவேன். அவர்கள் வீட்டில் ஆள் இல்லாத நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். இப்போதிருக்கும் இடத்திலும் இரண்டு மாதம் முன்புவரை இல்லை. தேர்வுக்குப் படிக்கும் பெண் பிள்ளைகள் காலை 9 மணிக்கு வந்து 11 மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பையன்கள் பூட்டும்வரை இருப்பார்கள். "பெண்களுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

வாசகர் வட்டத்தார் கேட்டுக் கேட்டு இப்போது கட்டி முடித்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிறது. உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் வைக்கவில்லை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் நிற்கிறாள்.

8 செப்டம்பர் 2024

தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

கடிதம் எழுதி மூன்று வாரம் காத்திருந்தேன். இனிக் கைக்காசு போடுவதில்லை என்று முடிவு செய்திருந்ததால் பிடிவாதமாகவே இருந்தேன். அந்த மூன்று வாரமும் பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்றார்கள். என் பிடிவாதத்துக்கு அவர்கள் ஏன் நிற்க வேண்டும்? போன திங்கட்கிழமை கடையில் வாங்கி, தச்சரைக் கூப்பிட்டு வைத்துவிட்டேன். தாழ்ப்பாளும் திருகாணியும் 85 ரூபாய், கூலி 150. இரண்டுக்கும் ரசீது வாங்கினேன். வவுச்சரில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், 22 வருடத்தில் முதல் முறையாக. பணம் வந்தால் எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.

நேற்று மாலை 6:30-க்குப் பூட்டப் போனபோது ஜன்னலோர மேசையில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம் அக்கா, இந்தக் கணக்கு மட்டும்" என்றார்கள்.